விளிம்பில் எழுதிய பெயர்

எல்லார் வீட்டிலும் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கும். பிறப்புப் பத்திரம், குடியுரிமைத் தாள், மீட்கப்படாத அடகுச் சீட்டு, ஓடாத கைக்கடிகாரம், யாருடையது என்று எவருக்கும் நினைவில்லாத ஒரு நிழற்படம் ஆகியவை அதில் அடைக்கலம் புகுந்திருக்கும். பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டமொன்றின் லயத்து வீட்டில், எங்களிடமும் அத்தகைய பிஸ்கட் பெட்டி ஒன்று இருந்தது. அதன் அடியில், கறுப்புக் கயிற்றில் கோத்த வட்டமான உலோகத் துண்டு ஒன்று கிடந்தது. பழைய ஒரு சதக் காசைவிடப் பெரியது, புளியங்கொட்டையின் நிறம், மேற்புறத்தில் ஒரு துளை.

நாங்கள் அதனைச் 'சாமிக்காசு' என்றே அழைத்தோம். வீட்டில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் அக்காசு பெட்டியிலிருந்து வெளியே வரும். கழுத்தில் கட்டிவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிவிட்டால் காற்றுக் கருப்பு அண்டாது என்பது என் பாட்டியின் திடமான நம்பிக்கை. அக்காசின் ஒரு பக்கத்தில் குதிரை மீது ஒரு வீரன், கையில் குறுவாள், குதிரையின் குளம்படியில் ஒரு மண்டையோடு. பார்ப்பவர் மனத்தில் ஐயத்துக்கு இடமேது? மதுரைவீரன்தான்.

"மதுரைவீரனுக்கு மீசை இல்லையே அப்பா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தேஞ்சு போச்சுப்பா" என்றார் என் தந்தையார்.

அக்காசு எங்கிருந்து வந்தது என்பதை அவர் சிறுகச் சிறுகவே எனக்குச் சொன்னார். அது என் பாட்டனாருடையது. வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து, முதல் உலகப் போரின்போது அவர் 'பசுரா' என்னும் ஊருக்குச் சென்று மூட்டை சுமந்தாராம். பேரீச்ச மரங்களும் பெருவெயிலும் நிறைந்த நாடாம். ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்துக் கங்காணி ஒருவரோடு மலாயாவுக்குக் கப்பலேறி, பால்மரக் காட்டில் வாழ்வைத் தொடங்கினார். 1943-ஆம் ஆண்டு, என் தந்தையாருக்கு வயது எட்டு. சயாமில் இரயில் பாதை போடுவதற்கென்று ஜப்பானியர் ஆள் திரட்டினர். பாட்டனாரின் பெயரும் பட்டியலில் இருந்தது. லாரி ஏறுவதற்கு முன், தம் கழுத்தில் கிடந்த அக்காசைக் கழற்றி மகனின் கழுத்தில் மாட்டினார். "மூணு மாசத்துல வந்துடுவேன், அதுவரைக்கும் இத அவுக்காத" என்று சொல்லிச் சென்றார். அவர் திரும்பவில்லை. என் தந்தையாரும் நெடுநாள் அதனை அவிழ்க்கவில்லை.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். 1991-ஆம் ஆண்டு நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவன். வரலாற்றுக் கண்காட்சி ஒன்றுக்கு ஆளுக்கொரு பழம்பொருள் கொண்டுவர வேண்டும் என்றார்கள். நான் சாமிக்காசை எடுத்துச் சென்றேன். கறுத்துக் கிடந்த அது கண்காட்சிக்கு அழகாகாது என்று கருதி, புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன். விளிம்பிலிருந்த அழுக்கு போகவில்லை. உப்புத்தாள் கொண்டு அழுத்தித் தேய்த்தேன். காசு பொன்போல் ஒளிர்ந்தது. நண்பர்கள் வியந்தனர். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது என் தந்தையார் அதனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "பளபளன்னு ஆயிருச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் அழுக்கென்று எண்ணித் தேய்த்தது என் பாட்டனாரின் எண்ணையும் பெயரையும் ஆகும். இதனை நான் அறிந்துகொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஈப்போவில் ஞாயிறுதோறும் கூடும் பழம்பொருட் சந்தையில், முதிய சீனர் ஒருவரின் கடையில், அதே குதிரை வீரனை ஒருநாள் கண்டேன். ஆனால் அது வெள்ளியால் ஆனது. தலைப்பில் தொங்குதண்டும், ஆரஞ்சு நிற நடுப்பட்டையின் இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலக் கோடுகள் ஓடும் பட்டு நாடாவும் கொண்டது. "இது என்ன?" என்று கேட்டேன். "முதல் போருக்குப் பிரிட்டிஷ்காரன் கொடுத்த மெடல்" என்றார் அவர். பின்பு பதக்கத்தைப் புரட்டி, விளிம்பை விளக்கொளியில் சாய்த்துக் காட்டினார். ஓர் எண், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு ஆகியன நுண்ணிய எழுத்துகளில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருந்தன. "முகத்தப் பாக்காத, விளிம்பப் பாரு. முகம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்று அவர் மலாய் மொழியில் சொன்ன சொல், இத்துறையில் நான் பெற்ற முதற்பாடம்.

அன்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொண்டு எங்கள் காசின் விளிம்பை ஆராய்ந்தேன். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் இல்லை. பெயரின் தொடக்க எழுத்துகள் இல்லை. பெயரின் பிற்பகுதியும், தொழிலாளர் படையைக் குறிக்கும் சுருக்கெழுத்துகளும் மட்டும் எஞ்சியிருந்தன. அழிந்த இடம் முழுவதும் உப்புத்தாளின் கோடுகள். மகனின் உயிரைக் காக்கும் என்று தகப்பன் கட்டிவிட்டுப் போன பெயரைப் பேரன் அழித்திருந்தான்.

அந்த நாளிலிருந்து நான் பதக்கங்களைக் கற்கத் தொடங்கினேன். சேர்த்தவை சிலவே; கற்றவை பல. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனின் வருவாயில் வெள்ளிப் பதக்கங்களைக் குவித்துவிட இயலுமா? ஆயினும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வரலாற்றைத் தேடுவதற்குப் பொறுமையே பெருமுதல்.

வீரச்செயலுக்கெனத் தனியொருவருக்கு வழங்கும் பதக்கம் வேறு; ஒரு போரில் பங்கேற்றமைக்காக அனைவருக்கும் வழங்கும் போர்ப்பணிப் பதக்கம் வேறு. பின்னதையே நான் தேடுகிறேன். 1815-ஆம் ஆண்டு வாட்டர்லூப் போருக்கான பிரிட்டிஷ் பதக்கம், தளபதி முதல் கடைசிப் போர்வீரன் வரை எல்லாருக்கும் ஒரே வடிவில் வழங்கப்பட்டது. பெற்றவரின் பெயரும் விளிம்பில் பொறிக்கப்பட்டது. அவ்வழக்கம் பின்னர் நிலைபெற்றது. ஒரே பதக்கத்தைப் பல போர்களுக்கு வழங்கும்போது, எந்தப் போர் என்பதைக் காட்ட நாடாவின் மேல் சிறு உலோகப் பட்டை ஒன்றைச் சேர்த்தனர். ஆகவே ஒரு பதக்கத்தைப் படிப்பவர் நான்கை நோக்க வேண்டும்: முகம், நாடா, பட்டை, விளிம்பு. முகம் பேரரசைச் சொல்லும். நாடா போரைச் சொல்லும். பட்டை இடத்தைச் சொல்லும். விளிம்பு ஒன்றே மனிதனைச் சொல்லும்.

விளிம்பிலும் ஏமாற்று உண்டு. பழைய பெயரை அராவி நீக்கிவிட்டு, விலைபோகக்கூடிய வேறு பெயரைப் பொறிப்பவர்கள் இருக்கிறார்கள். அராவினால் குறுக்களவு குறையும். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பதக்கம் சற்றுக் குறைந்திருந்தால், அங்கே ஒரு பெயர் காணாமற்போயிருக்கிறது என்று பொருள். அளவுகோலை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் உப்புத்தாள் நினைவுக்கு வரும். அவர்கள் பணத்துக்காகச் செய்ததை நான் அறியாமையால் செய்தேன். பதக்கத்துக்கு இரண்டும் ஒன்றே.

என் பாட்டனாரின் பதக்கம், 1914 முதல் 1918 வரை நடந்த போருக்காகப் பிரிட்டன் வழங்கியது. குதிரை வீரன் மதுரைவீரன் அல்லன். இங்கிலாந்தின் காவலராகக் கருதப்படும் புனித ஜார்ஜ். வில்லியம் மக்மில்லன் என்னும் சிற்பி வடித்த உருவம் அது. குதிரை மிதிப்பது பகைவரின் கழுகுக் கேடயத்தை. மறுபக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. அதனைச் சுற்றியுள்ள இலத்தீன் எழுத்துகளில் 'இந்தியாவின் பேரரசர்' என்னும் பட்டமும் அடங்கும். இப்பதக்கம் ஏறத்தாழ 65 இலட்சம் பேருக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. சுமார் 110,000 பதக்கங்கள் மட்டும் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. அவை பெரும்பாலும் சீன, இந்திய, மால்ட்டா நாட்டுத் தொழிலாளர் படையினருக்கு உரியவை. துப்பாக்கி ஏந்தியவனுக்கு வெள்ளி. மூட்டை சுமந்தவனுக்கு வெண்கலம்.

இப்பிரிவினை புதிதன்று. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்ததைக் கொண்டாடக் கிழக்கிந்தியக் கம்பெனி பதக்கம் வெளியிட்டது. சிங்கம் ஒன்று புலியை அடக்கும் காட்சி அதன் முகம். பெருந்தளபதிகளுக்குப் பொன், அடுத்தவர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, அவர்க்கும் அடுத்தவர்க்கு வெள்ளி, அதன்கீழ் வெண்கலம், கடைநிலைப் போர்வீரனுக்கும் சிப்பாய்க்கும் தகரம். குருதியின் நிறம் ஒன்றாயிருப்பினும் பதக்கத்தின் உலோகம் ஐந்தாயிற்று.

எனினும் வெண்கலத்துக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. வெள்ளிப் பதக்கத்தில் ஏறத்தாழ ஓர் அவுன்சு வெள்ளி உண்டு. வறுமை வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் அதனை ஆசாரியிடம் கொடுத்துக் கொலுசாகவும் அரைஞாணாகவும் உருக்கிக்கொண்டன. 1980-ஆம் ஆண்டு சனவரியில் வெள்ளியின் விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 அமெரிக்க டாலரைத் தொட்டபோது, பல நாடுகளில் இப்பதக்கங்கள் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. வெண்கலத்தை உருக்கி யாருக்கு என்ன பயன்? விலையற்றது என்பதனாலேயே அது எங்கள் பிஸ்கட் பெட்டியில் பிழைத்துக் கிடந்தது.

அப்போரில் இந்தியாவிலிருந்து 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். இன்றைய ஈராக்கான மெசொப்பொத்தேமியாவுக்கே பெருந்தொகையினர் சென்றனர். பசுரா என்று என் பாட்டனார் சொன்ன பஸ்ராத் துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட ஒவ்வொரு மூட்டையும், பாலைவனத்தில் இடப்பட்ட ஒவ்வொரு தண்டவாளமும் தொழிலாளர் தோளில் ஏறியே இடம் சேர்ந்தன. 1917 மார்ச்சு 11-ஆம் நாள் பாக்தாத் நகரம் பிரிட்டிஷார் வசமானதை வரலாற்று நூல்கள் தளபதியின் பெயரால் குறிக்கின்றன. அந்நகரம் வரை அரிசியும் மாவும் சுமந்தவர் எவர் என்று அவை கேட்பதில்லை.

அப்போர்முனையில் மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோர்க்காகப் பஸ்ராவில் நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. அதன் பலகைகளில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் உள்ளன; இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உள்ளன. இந்தியக் கீழ்நிலை வீரர்க்கோ பெயர் இல்லை. இந்தப் படையில் இத்தனை பேர் என்னும் எண்ணிக்கையே பொறிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் வெளியிட்ட ஆய்வறிக்கை, ஆப்பிரிக்க, ஆசியப் பணியாளருள் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடுபட்டனர் என்று ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கோரியது. நூறாண்டு கழித்து வந்த மன்னிப்பு அது. அதனைப் படித்த அன்று நான் எங்கள் பதக்கத்தை எடுத்து, எஞ்சியிருந்த எழுத்துகளை மீண்டும் ஒருமுறை படித்தேன். இறந்த பல்லாயிரவர்க்கு இல்லாத ஒன்று, உயிரோடு திரும்பிய மூட்டைக்காரருக்குக் கிடைத்திருந்தது: விளிம்பிலே ஒரு பெயர். அதனைத்தான் நான் தேய்த்தேன்.

நம் நாட்டு மண்ணோடு தொடர்புடைய பதக்கங்களும் உண்டு. 1811-ஆம் ஆண்டு ஜாவா தீவைக் கைப்பற்றுவதற்கான பிரிட்டிஷ் படை மலாக்காவில்தான் திரண்டது. ஏறத்தாழ 12,000 பேர். அந்தப் பரபரப்பைச் சிறுவயதிலேயே தமிழும் பயின்ற முன்ஷி அப்துல்லா தம் வரலாற்று நூலில் எழுதிவைத்திருக்கிறார். வென்ற பின்னர்க் கம்பெனி தன் இந்தியச் சிப்பாய்களுக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கியது.

1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசீர் சாலாக்கில் பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான பர்ச் கொல்லப்பட்டார். அன்று முதல் 1876 மார்ச்சு 20 வரை நடந்த படையெடுப்பில் பங்கேற்றவர்க்கு, 'பேராக்' என்று பொறித்த பட்டையுடன் 1854-ஆம் ஆண்டு வகை இந்தியப் பொதுப்பணிப் பதக்கம் வழங்கப்பட்டது. அதே காலத்தில் சுங்கை ஊஜோங்குப் பகுதியில், புக்கிட் புத்துஸ் கணவாய்ப் போரில் காட்டிய துணிவுக்காகக் கேப்டன் சானர் விக்டோரியா சிலுவை பெற்றார். பட்டையிலே பேராக் என்னும் நம் மாநிலத்தின் பெயர் வெள்ளி எழுத்தில் மின்னுவதைக் காண ஒரு கணம் மகிழ்ச்சி எழும். மறுகணமே, மகாராஜா லேலா 1877 சனவரியில் தூக்கிலிடப்பட்டதும், சுல்தான் அப்துல்லா சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டதும் நினைவுக்கு வரும். ஒரு பக்கத்தார்க்குப் பதக்கமாய் இருப்பது மறுபக்கத்தார்க்குத் தூக்குக் கயிறாய் இருந்திருக்கிறது.

பதக்கமே இல்லாத போர்களும் உள்ளன. 1831, 1832-ஆம் ஆண்டுகளில் மலாக்காவை அடுத்த நானிங்கில், வரி கொடுக்க மறுத்த தோல் சாயிட் என்னும் தலைவரை அடக்கச் சென்னைப் படையின் காலாட்கள் அனுப்பப்பட்டனர். முதல் ஆண்டு தோற்றுத் திரும்பினர். மறு ஆண்டே வென்றனர். அப்போருக்கென்று போர்ப்பணிப் பதக்கம் வெளியிடப்படவில்லை. அக்காட்டில் மடிந்த சென்னைச் சிப்பாயின் பெயரைப் படிக்க நமக்கு ஒரு விளிம்புகூட இல்லை.

ஏழு ஆண்டுகளுக்கு முன், அதே ஞாயிற்றுச் சந்தையில் மற்றொரு பதக்கத்தை 180 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். ஊதா நிற நாடா, நடுவே பச்சைக் கோடு, 'மலாயா' என்னும் பட்டை. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் பணியாற்றியவர்க்கு வழங்கப்பட்ட பொதுப்பணிப் பதக்கம். விளிம்பைச் சாய்த்தேன். சிறப்புக் காவலர் ஒருவரின் எண். அதன்பின் ஒரு தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தருக்குக் கேட்டவாறு சிதைந்து. கடைக்காரரிடம் கேட்டபோது, பழைய இரும்பு வாங்குபவர் மூலம் வந்தது என்றார்.

முறைப்படி நான் செய்திருக்க வேண்டியது, அதனை உறையிலிட்டு, குறிப்பேட்டில் பதிந்து, அலமாரியில் வைப்பதே. ஆனால் அந்தப் பெயர் என்னை உறங்கவிடவில்லை. ஓய்வுபெற்ற காவலர்களைக் கேட்டேன். கோயில் நிருவாகத்தாரைக் கேட்டேன். தோட்டம் துண்டாடப்பட்டபின் மக்கள் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளில் என் பழைய மாணவர்களைக் கொண்டு விசாரித்தேன். ஏழு மாதங்கள் கழித்து, அவருடைய மகளைக் கண்டேன். எழுபதைத் தொட்ட அம்மையார். பதக்கத்தைக் கையில் கொடுத்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. ஓர் அச்சமே தோன்றியது.

"இத அப்பா ஒருநாளும் போட்டதே இல்லீங்க ஐயா. பேரப்பய என்னமோ பழைய சாமானுன்னு போட்டுட்டான். நான் தேடவும் இல்ல" என்றார்.

ஏன் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அப்பாவும் சித்தப்பாவும் ஒரே லயம். அப்பா துப்பாக்கியோட தோட்டத்துக்குக் காவல். சித்தப்பா சங்கத்து ஆளு. ஒருநாள் ராத்திரி வந்து சித்தப்பாவப் பிடிச்சிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்குப் பின்னாலதான் அப்பாவுக்கு இது வந்துச்சு. பாட்டி கடைசி வரைக்கும் அப்பாகிட்ட முகங்கொடுத்துப் பேசலீங்க."

எனக்கு மறுமொழி எழவில்லை. 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை நாம் அறிவோம். பெயர் அறியப்படாமல் சிறைப்பட்டவரும் நாடு கடத்தப்பட்டவரும் எத்தனை பேர்! அதே ஆண்டுகளில் இரவெல்லாம் கண்விழித்துத் தோட்டத்தைக் காத்து, குண்டடி பட்டு மாண்ட சிறப்புக் காவலரும் உண்டு. ஒரு தாயின் வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவர்க்கு வெள்ளி, ஒருவர்க்குக் கப்பல். அந்தப் பதக்கத்தை வாங்கிய நான் ஒரு வீட்டின் துயரத்தையும் சேர்த்தே வாங்கியிருக்கிறேன் என்பது அன்று புரிந்தது.

புறப்பட எழுந்தபோது அம்மையார் என்னை நிறுத்தினார். "ஐயா, அதுல அப்பா பேரு இருக்குதுன்னீங்களே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். விளிம்பைச் சுழற்றி, ஆங்கிலத்தில் இருந்தவாறே படித்தேன். அவர் சிரித்துவிட்டார். "அப்படியா எழுதியிருக்கான்?" என்று வியந்து, தம் தந்தையின் பெயரை முறையாக உச்சரித்துக் காட்டினார். பின்பு, கேட்காமலே, சித்தப்பாவின் பெயரையும் சொன்னார். என் சட்டைப்பையில் இருந்த தாளில் இரண்டு பெயர்களையும் தமிழில் எழுதி, பதக்கத்தோடு மடித்து அவர் கையில் வைத்தேன். விலை எவ்வளவு என்று கேட்டார். விலை ஏதுமில்லை என்றேன்.

என் நண்பரும் தமிழாசிரியருமான ஒருவர், "ஆண்டான் தந்த காசை அடிமை போற்றலாமா?" என்று என்னைக் கடிந்ததுண்டு. நியாயமான கேள்வி. நான் அப்பதக்கங்களை மார்பில் அணியச் சொல்லவில்லை, படிக்கச் சொல்கிறேன். போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, அவன் பெயரும் புகழும் எழுதிவைத்தல் நம் பழைய மரபு. தொல்காப்பியப் புறத்திணையியல் அதனை வெட்சித் திணையில் வைத்துப் பேசுகிறது. அந்தக் கல்லை நட்டவர்கள் அவனுடைய ஊரார். எழுத்து, அவன் மொழி. பதக்கத்தை வார்த்தவனோ அயலான், எழுத்தும் அயல். ஆயினும் நம்மவர் பெயர் அதில் இருக்கிறது. அயலான் எழுதினான் என்பதற்காக நம்மவர் பெயரை நாம் கைவிடுவதா? அவன் பிழையாக எழுதியதை நாம் திருத்தி எழுத வேண்டாமா?

2018-ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில், ஆசிரியர் சிலருடன் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் சென்றேன். 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அந்த மரண இரயில் பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 13,000 பேர் அங்கு மாண்டனர். மலாயாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட தொழிலாளருள் 80,000 முதல் 100,000 பேர் வரை மாண்டனர் என்பது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் மதிப்பீடு. நகரின் நடுவே உள்ள போர்க்கல்லறையில், சீராக வெட்டிய புல்வெளியில், ஒவ்வொரு கல்லிலும் எண், பதவி, பெயர், வயது. அக்கைதிகளின் குடும்பங்களுக்குப் பின்னர்ப் போர்ப் பதக்கங்களும் சென்றன. நான் வரிசை வரிசையாக நடந்தேன். என் பாட்டனாரின் பெயரை அங்கே தேடுவது பேதைமை என்று அறிவேன், கண்கள் கேட்கவில்லை. ஒரு பேரரசு அவருக்கு வெண்கலம் தந்தது. மற்றொன்று மண்ணைத் தந்தது. எந்த மண் என்பதையும் சொல்லாமல் விட்டது. 2023-ஆம் ஆண்டு மலேசியத் தமிழர் சிலரின் முயற்சியால் அந்நகரில் தமிழ்த் தொழிலாளர்க்கென நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது என்னும் செய்தியைக் கேட்டபோது, எண்பது ஆண்டு கழித்தேனும் ஊரார் கல் நட்டார்களே என்று என் உள்ளம் ஆறுதல் கொண்டது.

இப்போது ஆண்டுதோறும் என் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த வெண்கலப் பதக்கத்தைக் காட்டுகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி, "ஐயா, இதுல ஏன் ஓட்டை இருக்கு?" என்று கேட்டாள். பதக்கம் சேர்ப்போர் கணக்கில் அத்துளை ஒரு குறை. தொங்குதண்டு இல்லாததும் ஒரு குறை. தேய்த்துப் பளபளப்பாக்கியது பெருங்குறை. வணிகர் ஒருவர் முப்பது ரிங்கிட்டுக்கு மேல் பெறாது என்றார். நான் அம்மாணவியிடம், "அந்த ஓட்டை வழியாகத்தான் கயிறு கோத்து என் அப்பா கழுத்தில் கட்டினார்கள்" என்றேன். அரசன் தலையையும் புனித ஜார்ஜையும் தோட்டத்து மக்கள் துளையிட்டுத் தம் மதுரைவீரனாக்கிக்கொண்டார்கள். அந்தத் துளையில் இருக்கும் வரலாறு எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய காசோ பதக்கமோ கிடைத்தால் தேய்க்காதீர்கள், புளியிடாதீர்கள், உப்புத்தாளை அருகிலும் கொண்டுவராதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். விளிம்பை விளக்கொளியில் சாய்த்து, தெரிகின்ற எழுத்துகளையும் எண்களையும் அப்படியே பெயர்த்தெழுதுங்கள். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்திலும், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களிலும் பதக்கப் பட்டியல்கள் உள்ளன. எண்ணும் பெயரும் படைப்பிரிவும் கையில் இருந்தால்தான் அவற்றுள் தேட முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு, அந்தப் பெயரைச் சரியான தமிழில் எழுதி அதனோடு வையுங்கள். முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் அதற்கென ஓர் ஏடு வைத்திருக்கிறோம். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர், பசுராவுக்குப் போய்த் திரும்பியவர், காவல் நின்றவர், கப்பலேற்றப்பட்டவர் என்று வேறுபாடு கருதாமல், மாணவர்கள் தத்தம் வீட்டில் கேட்டறிந்த பெயர்களை அதில் எழுதுகிறார்கள். முதல் ஆண்டில் 17 பெயர்கள் சேர்ந்தன. முதற்பக்கத்தில், முதல் வரியில், என் பாட்டனாரின் பெயரை நானே எழுதினேன். உப்புத்தாளால் நான் அழித்த எழுத்துகளையும் சேர்த்து, முழுப் பெயராக எழுதினேன்.